முறை யாருக்கு? — ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தொடர் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

தமிழில் விமரிசனம் என்பது நெடுங்காலமாக ஏட்டையும் மேடையையும் சார்ந்தே வளர்ந்து வந்துள்ளது. நாவல், சிறுகதை, கவிதை என்பவற்றை அடுத்துக் கூத்தும் நாடகமும், அவற்றை அடுத்துத் திரைப்படமும் ஆய்வுக்குரியனவாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. திரைப்படத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தார் எழுதுவது தகுமா என்று ஐயுற்ற காலமும் ஒன்று இருந்தது. இன்று அதே ஐயம் கணினி ஆட்டங்களைக் குறித்து நிலவுகின்றது. அவை சிறுவர் பொழுதுபோக்கு என்றும், இளைஞரின் கல்வியைக் கெடுக்கும் கேடு என்றும் இரு வகையாகவே பேசப்படுகின்றன. இவ்விரு கூற்றுகளும் ஆட்டத்தினுள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை நோக்காதவை. ஒரு கலைவடிவம் கோடிக்கணக்கான மணிநேரங்களை மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ளுமாயின், அது அவர்களுக்கு எத்தகைய உலக நோக்கைக் கையளிக்கின்றது என்று வினவுவது விமரிசகனின் கடமையாகும்.

நாவலப்பிட்டியில், புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில், நாமும் நண்பர் இருவரும் சில மாதங்களாக ‘சிவிலைசேஷன்’ என்னும் ஆட்டத்தொடரின் ஆறாம் ஆட்டத்தை ஆடி வந்தோம். மிகக் கடினமான படியில் ஆடுவதென்பது எமது தீர்மானம். நான்கு தடவை தோற்றோம். ஐந்தாம் தடவை வென்றோம். இக்கட்டுரை அவ்வனுபவத்திலிருந்து எழுந்தது. ஆட்டத்தின் நுட்பத்தை விதந்துரைப்பதோ அதனைப் பழித்தொதுக்குவதோ எமது நோக்கமன்று. அது எதனைக் ‘கடினம்’ என்று கருதுகின்றது, யாரை ‘ஆடுவோர்’ என்று ஏற்றுக்கொள்கின்றது என்னும் இரு வினாக்களை, நாம் இருந்து ஆடிய ஊரின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இங்கு முயலப்படுகின்றது.

2

இத்தொடரின் முதலாட்டம் 1991இல் அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதனை வடிவமைத்தவர்கள் சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகியோர். 1996, 2001, 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த ஆட்டங்கள் வெளிவந்தன. ஏழாவது 2025இல் வெளியாயிற்று. கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டத்துடன் தொடங்கும் ஆடுபவர் நகரங்களை நிறுவி, எழுத்தையும் சக்கரத்தையும் கண்டறிந்து, அரசுகளோடு பொருதியும் உறவாடியும் விண்வெளிக் காலம் வரை வருகிறார். ஆறாம் ஆட்டத்தில் வழக்கமான வேகத்தில் ஆடின் 500 முறைகள் உண்டு. சதுரங்கத்திற் போன்று ஒருவர் தம் முறையை முடித்த பின்னரே மற்றவர் முறை வரும். விரைவான கைக்கு இங்கு வேலையில்லை. ஆற அமர எண்ணும் அறிவுக்கே வேலை. இதனாலேயே இவ்வகை ஆட்டங்கள் ‘முறைவழி உத்தியாட்டங்கள்’ எனத்தக்கன.

1993இல் அமெரிக்க எழுத்தாளர் அலன் எம்ரிக், ‘மாஸ்ரர் ஒவ் ஓரியன்’ என்னும் வேறோர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகையில், இத்தகைய ஆட்டங்களின் செயல்களை நான்காகத் தொகுத்தார்: தேடுதல், விரிதல், சுரண்டுதல், அழித்தல். ஆங்கிலத்தில் இந்நான்கு சொற்களிலும் ‘எக்ஸ்’ என்னும் ஒலி வருவதால் ‘நான்கு எக்ஸ்’ என்பதே இவ்வகையின் பெயராய் நிலைத்துவிட்டது. குடியேற்றவாதத்தின் செயல்முறையை அதன் எதிரிகள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயின் இங்கு அது கண்டனமாகவன்றி, விற்பனைக்குரிய வகைப்பெயராகவே வழங்குகின்றது என்பது கருதத்தக்கது.

இனி, கடினம் என்பதை நோக்குவோம். ஆறாம் ஆட்டத்தில் எட்டுப் படிகள் உள்ளன. ‘குடியேறி’ என்பது முதற்படி. ‘இளவரசன்’ என்னும் நான்காம் படியில் மனிதரும் கணினியும் சமநிலையில் நிற்கின்றனர். ‘தெய்வம்’ என்பதே எட்டாம் படி. தெய்வப் படியில் கணினி கூரிய அறிவைப் பெற்றுவிடுகின்றது என்று முதலில் நாமும் எண்ணினோம். உண்மை அதுவன்று. எந்தப் படியிலும் அதன் அறிவு ஏறத்தாழ ஒன்றே. மாறுவது அதன் கையிருப்பே. மனிதர் ஒரு குடியேறிக் கூட்டத்துடன் தொடங்குகையில் கணினி அரசுகள் ஒவ்வொன்றும் மூன்று கூட்டங்களுடன் தொடங்குகின்றன; போர்வீரரும் மேலதிகமாக உண்டு; உற்பத்தி, பொன், அறிவியல் யாவற்றிலும் மேலதிக விழுக்காடு அவற்றுக்கு வரவு வைக்கப்படுகின்றது. எனவே இவ்வாட்டத்தின் கடினம் எதிராளியின் மதிநுட்பத்திலன்று, எதிராளியின் மூலதனத்திலேயே தங்கியுள்ளது.

எமது முதல் நான்கு தோல்விகளும் இதனாலேயே நேர்ந்தன. முதலாவதில் ஐம்பது முறைக்குள் அயலரசின் படை எமது தலைநகரைச் சூழ்ந்தது. இரண்டாவதில் அதிசயக் கட்டடங்களை எழுப்பும் ஆசையில் படையை மறந்தோம். நாம் பாதி எழுப்பிய கட்டடத்தை மற்றோர் அரசு முந்தி முடித்துவிட்டது. மூன்றாவதிலும் நான்காவதிலும் உயிர் பிழைத்தோம். ஆயின் அறிவியலில் எட்டிப் பிடிக்க இயலவில்லை. ஐந்தாவதில் கற்ற பாடம் இது: தொடக்கத்தில் எதற்கும் ஆசைப்படலாகாது, வில்வீரரை மதிலுக்குப் பின்னே நிறுத்தி முதல் நூறு முறைகளைத் தாக்குப்பிடித்தல் வேண்டும், வெற்றிக்கான வழிகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்து ஏனையவற்றைக் கைவிடல் வேண்டும். கணினி அரசுகள் தமது செல்வத்தை ஊதாரித்தனமாய்ச் செலவிடுபவை. ஏறத்தாழ நூற்றைம்பதாம் முறையளவில் நாம் அவற்றை அணுகிவிட்டோம். அதன் பின்னர் வெற்றி வெறும் காலக்கணக்காயிற்று.

இதில் உண்மையான இன்பம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த திட்டமொன்று பயன் தருங்கால் உண்டாகும் நிறைவு, நல்ல வெண்பாவொன்றின் ஈற்றடி வந்து பொருந்துகையில் உண்டாகும் நிறைவுக்கு இனமானது. ‘இன்னும் ஒரு முறை’ என்று சொல்லிச் சொல்லியே பல இரவுகள் விடிந்தன. எனினும், அவ்வின்பத்தினூடே ஒரு கருத்துநிலையும் எம்முட் புகுந்தது. தொடக்க ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரிதாயினும், விவேகமும் பொறுமையும் உடைய தனியாள் அதனை வென்றுவிட முடியும் என்பதே அது. முதலாளித்துவம் ஏழைக்கு ஓயாது ஓதும் பாடமும் இதுவேயன்றோ? ஆட்டத்தில் அப்பாடம் மெய்யாகின்றது. ஏனெனில் விதிகள் இடையில் மாறுவதில்லை. தவறு நேர்ந்தால் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். யாவற்றுக்கும் மேலாக, ஏழையாயினும் ஆடுபவரின் முறையை எவரும் பறிப்பதில்லை.

3

ஆறாம் ஆட்டத்தின் வரைபடத்தில் எமது ஊரின் சாயலும் உண்டு. கண்டி அங்கு ஒரு நகர அரசாக வருகின்றது. நகர அரசுகள் தாமாக விரிவதில்லை. அவற்றுக்கு வெற்றியும் இல்லை. பேரரசுகள் தூதர்களை அனுப்பி அவற்றைத் தம்வயப்படுத்தும். குறைந்தது மூன்று தூதர்களையும் மற்றெவரிலும் கூடிய எண்ணிக்கையையும் உடையவர் அந்நகரின் மேலாளர் ஆவார். கண்டியின் மேலாளருக்குக் கிடைக்கும் பயன், இயற்கை அதிசயமொன்றைக் கண்டறியுந்தோறும் ஒரு திருச்சின்னம். திருச்சின்னங்களால் வரும் பக்தி வரவும் பெருகும். தலதா மாளிகையின் தந்ததாதுவை மனத்திற்கொண்டே இது வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதற்கு முந்திய ஐந்தாம் ஆட்டத்தின் 2012ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் சிவனொளிபாதமலையும் ‘ஸ்ரீபாத’ என்னும் பெயருடன் இயற்கை அதிசயமாக இடம்பெற்றது.

கண்டி இராச்சியம் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் எதிர்த்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றது. 1803இல் தன் தலைநகருள் நுழைந்த ஆங்கிலப் படையை அழித்தது. அது வீழ்ந்தது 1815 மார்ச் 2இல் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையினால். ஜோன் டொய்லியின் இரகசியத் தொடர்புகளும் பிரதானிகளின் பிணக்குமே அதற்கு வழிகோலின. எனவே தூதரால் வசப்படும் கண்டி என்னும் சித்திரம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அங்கு கண்டிக்குத் தன் விருப்பம் என ஒன்று இல்லை. அது பிறருடைய கணக்கில் ஒரு வரவாக மட்டுமே உள்ளது.

வரைபடத்தில் தேயிலையும் உண்டு, கோப்பியும் உண்டு. தேயிலையுள்ள கட்டத்தில் பெருந்தோட்டம் அமைத்தால் அறிவியலும் பொன்னும் கூடும்; அத்தேயிலை நான்கு நகரங்கள் வரை மகிழ்வூட்டும். பெருந்தோட்டத்தை அமைப்பவர் ‘கட்டுநர்’ என்னும் காய். அவருக்கு மூன்று வேலைகள் செய்யும் ஆற்றல் உண்டு. மூன்றாவது வேலை முடிந்த கணமே அவர் வரைபடத்திலிருந்து மறைந்துவிடுகின்றார். ஊதியம் இல்லை, இருப்பிடம் இல்லை, முதுமை இல்லை, மரணமும் இல்லை. பெருந்தோட்டம் மட்டும் ஆட்டம் முடியும்வரை நிலைத்திருக்கும். ‘பண்ணையடிமைமுறை’ என்னும் கொள்கையை ஏற்றால் ஒவ்வொரு புதிய கட்டுநரிடமிருந்தும் மேலும் இரண்டு வேலைகளைப் பெறலாம். நாமும் அதனை ஏற்றோம். ஆட்டத்தின் கணக்கில் அதுவே விவேகம். ஏற்ற வேளையில் எம்முள் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதையும் இங்குப் பதிந்துவைக்க வேண்டும்.

நாம் ஆடிய வீட்டின் யன்னலுக்கு அப்பால் தெரிந்த நிலமும் இவ்வாறு சமைக்கப்பட்டதே. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் அப்பயிரை அழித்தது. பெரதெனியாவிலிருந்து நாவலப்பிட்டிக்கு 1874இல் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. பாடநூல்கள் இவ்வரலாற்றைத் துரைமாரின் பெயர்களாலும் ஏக்கர்க் கணக்காலும் கூறும். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்து, வழியிலும் காட்டிலும் மாண்டோர் போக எஞ்சியோர், கங்காணியின் கடனுக்கும் துண்டுமுறைக்கும் கட்டுண்டு, பிரட்டுக்களத்தில் நின்று, லயத்து அறையில் தலைமுறைகளைக் கழித்தனர் என்பது அப்பாடநூல்களில் அடிக்குறிப்பாக இருந்தால் அதுவே பெரிது. எனவே, மறையும் கட்டுநர் ஆட்டத்தை வகுத்தோரின் தனிப்பட்ட கொடுமையின் விளைவல்லர். ஆதிக்க வரலாற்றெழுத்தின் பழைய வழக்கமே இங்கு விதியாகியுள்ளது.

நகர மக்களின் அதிருப்தி மிகுந்தால் என்ன நிகழும் என்பதும் நோக்கற்பாலது. அவர்கள் மனுக் கொடுப்பதில்லை, சங்கம் அமைப்பதில்லை, வேலைநிறுத்தமும் செய்வதில்லை. மகிழ்ச்சிக் கணக்கு எல்லை கடந்து குறைந்தவுடன் ஆயுதந் தாங்கிய கலகக்காரர் நகரின் அருகே தோன்றுவர். காட்டுமிராண்டிகள் நடத்தப்படுவது போலவே அவர்களும் நடத்தப்படுவர். இவ்வாறாக, மக்கள் ஆட்டத்தில் இரு நிலைகளிலேயே தோன்றுகின்றனர்: ஒன்று, எண், மற்றொன்று, கலகம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அரசியல் என்னும் பெருவெளி அங்கு இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். ஆட்டத்தின் மொழியில் அவரை எழுதுவதானால் காட்டுமிராண்டி என்றே எழுத வேண்டிவரும்.

இக்குறையைப் பிறரும் உணர்ந்துள்ளனர். 2018இல் கனடாவின் கிரீ மக்களின் பெருந்தலைவர் பவுண்ட்மேக்கர் ஆறாம் ஆட்டத்தில் ஓர் அரசின் தலைவராகச் சேர்க்கப்பட்டபோது, அம்மக்களின் தலைவர்களுள் ஒருவர் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். நிலத்தை வெல்லுதலே யாவரதும் நோக்கம் என்னும் குடியேற்றவாதக் கதையினுள் தம் முன்னோரும் இழுக்கப்பட்டுள்ளனர் என்பது அவர் வாதத்தின் சாரம். ஏழாம் ஆட்டத்தில் சோழர் இடம்பெற்றதைக் கண்டு மகிழும் எம்மவர் இக்கண்டனத்தைச் சிந்திக்க வேண்டும். எமது அரசு ஒன்று ஆட்டத்தில் ஏறிவிட்டது என்பதனால் எமது மக்கள் ஆட்டத்தில் ஏறிவிட்டார்கள் என்று ஆகிவிடாது.

4

முறைவழி ஆட்டத்தின் அடிப்படை ஒப்பந்தம் ஒன்றே: ஒவ்வொருவருக்கும் தம் முறை வரும். எவ்வளவு நலிந்தவராயினும் தம் முறை வருங்கால் மற்றவர் யாவரும் காத்திருத்தல் வேண்டும். இக்கோட்பாட்டை நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு நோக்குபவர் 1947ஐ நினையாதிருக்க முடியாது.

அவ்வாண்டு நடைபெற்ற பொதுத்தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் கே. இராஜலிங்கத்தைத் தெரிவுசெய்தது. அக்காங்கிரஸ் மலையகத்தில் 7 தொகுதிகளைக் கைப்பற்றியது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்கு வலுவூட்டின. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படுபவர்களாக மட்டும் இருந்தவர்கள் நாடு தழுவிய ஆட்டமொன்றில் தம் முறையைச் செலுத்தினர். அதனை விவேகமாகவும் செலுத்தினர். அடுத்து நிகழ்ந்தது எந்த ஆட்ட விதிக்கும் அமையாதது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது; 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதாரின் வாக்கைப் பறித்தது. 1952 தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தேர்தல் ஒழுங்காக நடைபெற்றது, காய்கள் நகர்ந்தன, வெற்றி தோல்வி அறிவிக்கப்பட்டது. முறை மட்டும் சிலருக்கு வரவில்லை.

1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஆறாம் ஆட்டத்தில் இரு தலைவர்கள் எதிரெதிரே நின்று பேரம்பேசும் திரை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் பொன், மற்றொரு பக்கத்தில் தேயிலை என வைத்து ஒப்பந்தம் செய்யலாம். நகரத்தையே கூட மாற்றிக்கொள்ளலாம். நகரம் கைமாறுங்கால் அதன் மக்கள்தொகை என்னும் எண்ணும் உடன் செல்லும். அவ்வெண்ணை எவரும் எதுவும் கேட்பதில்லை. இத்திரையை முதன்முதலாகக் கண்டபோது எம்முள் ஒருவர், தம் பாட்டனாரின் உடன்பிறந்தார் நாவலப்பிட்டி நிலையத்தில் புகைவண்டி ஏறிய கதையைக் கூறினார். அன்றிரவு ஆட்டம் தொடரவில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே நாடற்ற நிலை சட்டத்தளவில் பெரிதும் முடிவுக்கு வந்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள். தெய்வப் படியில் தோற்றவர் சில மணிநேரத்தில் மீண்டும் தொடங்கலாம். வரலாற்றில் அவ்வாறு திரும்பிச் செல்லச் சேமித்த இடம் எதுவும் இல்லை. ஆகவே, ஆட்டம் ‘கடினம்’ என்று பெயரிட்டிருப்பது, முறையுடையோருக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வையே. முறையே இல்லாமல் ஆடுதல் என்னும் கடினம் அதன் எட்டுப் படிகளுக்கும் அப்பாற்பட்டது.

5

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ஆட்டம் ஆட்டமே, அதில் வர்க்கப் போராட்டத்தைத் தேடுவது பொருந்தாது, காய் ஒவ்வொன்றுக்கும் குடும்பமும் சங்கமும் வைத்தால் ஆட்டமே நடவாது என்பர் சிலர். இது ‘கலை கலைக்காகவே’ என்ற பழைய வாதத்தின் புதிய உரு. எல்லா ஆட்டமும் உலகைச் சுருக்கியே காட்டும் என்பதை நாமும் ஏற்கின்றோம். எதைச் சுருக்குவது, எதை விடுவது என்னும் தெரிவிலேயே கருத்துநிலை தொழிற்படுகின்றது என்பதே எமது வாதம். அத்தெரிவு வேறாகவும் இருக்கலாம் என்பதற்குத் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை.

எமது இளமையில் லயத்து வாசலில் கரிக்கோடு கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப்பார்ப்போம். புலிகள் மூன்று, ஆடுகள் பெரும்பாலும் பதினைந்து. புலி ஆட்டின்மேல் தாவி அதனை வெட்டும். ஆட்டுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. இதனினும் வெளிப்படையான ஏற்றத்தாழ்வு வேறில்லை. ஆயினும் அங்கு ஆடுகளின் பக்கத்திலும் ஒருவர் அமர்ந்திருக்கின்றார்; அவருக்கும் தம் முறை உண்டு; புலிகள் நகர இயலாதவாறு அவற்றை ஒன்றுசேர்ந்து அடைத்துவிட்டால் அவருக்கு வெற்றியும் உண்டு. தனி ஆடு எதுவும் வெல்வதில்லை. ஒன்றின் பின் ஒன்று நின்று வெட்டுக்கு இடங்கொடாத கூட்டமே வெல்கின்றது. தனியாளின் விவேகத்தைப் போற்றும் தெய்வப் படிக்கும், அணிசேர்தலின் உத்தியைக் கற்பிக்கும் இக்கரிக்கோட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தொழில்நுட்ப வேறுபாடன்று. உலக நோக்கின் வேறுபாடாகும்.

மேலைநாட்டிலும் இத்திசையில் முயற்சிகள் உண்டு. ஆர். எரிக் ரொயிஸ் வடிவமைத்து 2017இல் வெளிவந்த ‘ஸ்பிரிட் ஐலண்ட்’ என்னும் பலகை ஆட்டத்தில், ஆடுவோர் குடியேற்றக்காரரை எதிர்த்து நிற்கும் தீவின் ஆவிகளாகின்றனர். சிவிலைசேஷன் தொடரின் விதிகளையும் ஆடுவோர் திருத்தி அமைக்க இடமுண்டு. உலகெங்கும் பலர் அவ்வாறு செய்தும் வருகின்றனர். கணினி கற்கும் எமது மாணவர்க்கு இது எட்டாத தொழிலன்று. மூன்று வேலையோடு மறையாத கட்டுநரும், பேரத் திரையில் வாய்திறக்கும் நகரமும், பிரட்டுக்களத்திலிருந்து தொடங்கும் முதல் முறையும் உடைய ஓர் ஆட்டம் தமிழில் வகுக்கப்படின், அதன் கடினம் எத்தகையது என்பதை மலையகத்தார் உடனே உணர்ந்துகொள்வர்.

அதுவரை நாம் சிவிலைசேஷனை ஆடாதிருக்க வேண்டும் என்று கூற வரவில்லை. நாமே மீண்டும் ஆடுவோம். ஆயின், பெருந்தோட்டம் எழுந்த கட்டத்தில் கட்டுநர் மறையும் அந்தக் கணத்தில், எங்கே சென்றார் என்று ஒரு தடவையேனும் வினவிவிட்டு ஆடுவோம்.